யார் திரும்பிப் பார்ப்பது? - அபாய அறிவிப்பு, மனு, அரசுக் கட்டடம்

1

2023 அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை. ராஜபாளையத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆகவேண்டிய காரியம் சிறியதுதான். ஒரு சான்றிதழில் அப்பா பெயரில் எழுத்துப்பிழை. பக்கத்தில் முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டி. மஞ்சப்பைக்குள் மனு. எத்தனையாவது மனு ஆத்தா என்று கேட்டேன். 'கணக்கு வச்சிக்கிடல ராசா' என்றார்.

திடீரென்று உள்ளே இருந்த செல்போன்கள் ஒரே நேரத்தில், ஒரே குரலில் அலறின. மேஜைமேல் கிடந்தவை, சட்டைப்பையில் இருந்தவை, வரிசையில் நின்றவர்களின் கையில் இருந்தவை எல்லாம். ஒரு எழுத்தர் எதிரே இருந்த ஃபைலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். பிறகு திரையைப் படித்தார்கள். இந்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை அனுப்பிய மாதிரிச் சோதனைச் செய்தி, இதைப் பொருட்படுத்த வேண்டாம், உங்கள் தரப்பில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பது அதன் சாரம். சிரிப்பு. 'நெஞ்சே நின்னு போச்சு சார்' என்றது ஒரு குரல். எழுந்தவர் உட்கார்ந்தார். ஃபைலும் மேஜைக்குத் திரும்பியது.

பாட்டியிடம் போன் கிடையாது. 'என்னய்யா சத்தம்?' என்றார். 'ஒண்ணுமில்ல ஆத்தா, புயல் வெள்ளம் வந்தா கவர்மெண்டு நம்மளைக் கூப்பிடுமாம். இப்ப சும்மா கூப்பிட்டுப் பாக்குது' என்றேன்.

'கூப்பிட்டா நாம என்ன சொல்லணும்?' என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அதற்குப் பதில் தேடும் முயற்சி.

2

அபாய அறிவிப்பைப் பொதுவாக ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாகவே பேசுகிறோம். சைரன் வேலை செய்கிறதா, கோபுரத்தில் சிக்னல் இருக்கிறதா, செய்தி தமிழில் வருகிறதா என்று. இவை தேவையான கேள்விகள்தான். ஆனால் அறிவிப்பு என்பது முதலில் ஒரு பேச்சு. எந்தப் பேச்சையும் போலவே அதற்கும் ஒரு பேசுபவர், ஒரு கேட்பவர், ஒரு திசை உண்டு. பேச்சின் திசையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்கும்போதுதான் தொழில்நுட்பம் அரசியலாகிறது.

அல்தூஸர் 1970இல் எழுதிய கருத்தியல் பற்றிய கட்டுரையில் வரும் தெருக்காட்சி நம் சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் பழகிப்போனது. பின்னாலிருந்து போலீஸ்காரர் 'ஏய்' என்கிறார். தெருவில் போனவர் திரும்புகிறார். அந்தத் திரும்பலில்தான் அவர் அரசின் 'தன்னிலை' ஆகிறார். இந்தக் காட்சியை முப்பது வருஷமாக மேற்கோள் காட்டிவிட்டோம். ஆனால் அதைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. தெருவில் போகிறவர் அரசைப் பார்த்து 'ஐயா' என்கிறார், அரசு திரும்பவில்லை. அப்போது அந்த மனிதர் என்ன ஆகிறார்? திரும்பாத அரசு என்னவாக ஆகிறது?

மனு என்பது இந்தத் தலைகீழ் அழைப்புதான். ஆபத்தில் இருப்பவர் அரசுக் கட்டடத்தை நோக்கி எழுப்பும் அபாய அறிவிப்பு. நிர்வாகச் சொல்லாடல் அதை அப்படி அழைப்பதில்லை. 'குறை' என்கிறது, 'கோரிக்கை' என்கிறது. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். குறை என்று பெயர் வைத்தவுடனேயே அவசரம் கழன்றுவிடுகிறது. குறை எல்லோருக்கும் இருப்பது, காத்திருக்கக்கூடியது. ஆபத்து காத்திருக்காது. ஆக எது ஆபத்து, எது குறை என்று பிரிக்கும் அதிகாரம் கட்டடத்தின் கையில் இருக்கிறது. என் வாதம் இவ்வளவுதான்: நம் அரசுக் கட்டடங்களில் அபாய அறிவிப்பு ஒருவழிப் பாதை. அது கட்டடத்திலிருந்து மக்களுக்கு வரும். அல்லது மக்களிடமிருந்து கட்டடத்தைக் காக்க எழும். மக்களின் ஆபத்தைக் கட்டடத்துக்குச் சொல்லும் பாதை காகிதத்தில் மட்டும் திறந்திருக்கிறது.

3

இந்த ஒருவழிப் பாதைக்கு எங்கள் பக்கத்தில் பழைய வரலாறு ஒன்று இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை வரை வழிநெடுக மண்டபங்கள் கட்டி வைத்தார் திருமலை நாயக்கர் என்று ஊரில் கதை சொல்வார்கள். ஆண்டாள் கோயிலில் பூஜை முடிந்ததும் இங்கே நகரா முழங்கும். அதைக் கேட்டு அடுத்த மண்டபத்தில் முழங்கும். இப்படியே கைமாறி மதுரை அரண்மனைக்குப் போய்ச் சேரும். அதன்பிறகுதான் மன்னர் சாப்பிடுவார். கதை நடந்ததா என்பது வேறு விஷயம். கட்டபொம்மனையும் திருச்செந்தூரையும் வைத்து இதே கதை தெற்கே உண்டு. எங்கள் பக்கத்தின் முதல் தொலைத்தொடர்பு அமைப்பு எதற்காக இருந்ததாக மக்கள் நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். மன்னர் சாப்பிடும் நேரத்தைச் சொல்ல. வழியில் எந்த ஊரிலாவது பஞ்சம் வந்தால் அதே நகரா திருப்பி முழங்கியதாக ஒரு கதையும் நான் கேட்டதில்லை.

மன்னருக்குச் சேதி போக மண்டபம் என்றால், மக்களுக்குச் சேதி வரத் தண்டோரா. 'இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்' என்று தொடங்கும் அந்தக் குரலை நம்மில் பலர் சின்ன வயதில் கேட்டிருப்போம். வரி, ஏலம், கண்மாய் உடைப்பு, காலரா எல்லாவற்றுக்கும் அதே பறை, அதே ஆள். அடித்துச் சொன்னவர் தலித். அவர் 'சகலமானவர்களுக்கும்' என்று சொன்ன அந்தச் 'சகல'த்தில் அவர் இல்லை. பல தெருக்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவர் அரசின் குரலாக நடக்க முடிந்தது. சேதி மேலிருந்து வந்தது, சத்தத்துக்கான உழைப்பு கீழிருந்து போனது. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தண்டோரா தேவையில்லை, ஒலிபெருக்கி கட்டிய வாகனங்களைப் பயன்படுத்துங்கள் என்றார். காலம் கடந்தாவது வந்த நல்ல முடிவு. பறையின் 'மண்மணம்' போய்விட்டதே என்று புலம்பியவர்கள் அந்தப் பறையை ஒருநாள் தங்கள் தோளில் மாட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் மாறாதது ஒன்று உண்டு. தண்டோராக்காரரிடம் 'எப்பவாம்? எதுக்காம்?' என்று கேட்டால் அவருக்குப் பதில் தெரியாது. தெரிந்துகொள்ள அவரை அனுமதிக்கவில்லை. ஒலிபெருக்கி வேனிடம் கேட்க முடியாது, அது நகர்ந்துவிடும். 2023இல் அலறிய செல்போனிடம் கேட்கவே வழியில்லை. அந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பே அதுதான். ஒரு பகுதியில் உள்ள கோபுரங்களின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும், யார் எவர் என்று எண் பார்க்காமல் ஒரே நேரத்தில் செய்தி போகும். புயல் நேரத்தில் இது பெரிய வசதி. வெளியூர்க்காரருக்கும் கிடைக்கும், நெரிசலில் அடைபடாது. நான் அதைக் குறை சொல்லவில்லை. அறிவிப்பவர் மாறினார், கருவி மாறியது, பேச்சின் திசை மட்டும் மாறவில்லை என்கிறேன்.

அதே செல்போனுக்கு இன்னொரு வகைச் செய்தியும் வருகிறது. மனு கொடுத்தால் ஓர் எண்ணும், மனு சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்ற குறுஞ்செய்தியும். ஒரே கருவி. மேலிருந்து வரும் ஆபத்து அலறுகிறது. கீழிருந்து போன ஆபத்துக்கு 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம்.

4

இனி தெற்கே போக வேண்டும். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் ரோடு எங்களுக்குப் பழகிய ரோடு. 2017இல் தென்காசிப் பக்கத்துக் கிராமங்களுக்குத் திருநெல்வேலிதான் மாவட்டத் தலைநகர். தென்காசி தனி மாவட்டமானது 2019இல். 2017 அக்டோபர் 23, திங்கள்கிழமை, குறைதீர்க்கும் நாள். அந்தப் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தார். கந்துவட்டிக் கொடுமை. நான்கு பேரும் அந்த வளாகத்தில் எரிந்தார்கள். நான்கு பேரும் இறந்தார்கள். அதற்கு முன் ஆறு முறை மனு கொடுத்திருந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தது, அலுவலகம் இருந்தது, மனு இருந்தது, மனுவுக்கு நாளும் இருந்தது.

இந்த நிகழ்வை எப்படி வாசிப்பது? 'தற்கொலை', 'விரக்தி', 'விழிப்புணர்வு இல்லாமை' என்று நிர்வாகச் சொல்லாடல் வாசிக்கும். நான் இதை ஓர் அபாய அறிவிப்பு அமைப்பின் தோல்வியாக வாசிக்கச் சொல்கிறேன். ஆறு அறிவிப்புகள் போயிருக்கின்றன. அனுப்பியவரின் பெயர், ஊர், கையெழுத்து எல்லாவற்றோடும். மனு மேலே போகும். மேலிருந்து 'உரிய நடவடிக்கைக்காக' கீழே வரும். கீழே என்றால், யார் நடவடிக்கை எடுக்கவில்லை என்பதற்காக மனு எழுதப்பட்டதோ அதே காவல் நிலையத்துக்கு. சைரனை அழுத்தினால் அது திருடன் வீட்டில் போய் ஒலிக்கிற மாதிரி ஓர் ஏற்பாடு. எந்தப் பொறியாளராவது இப்படி ஒரு சைரனை வடிவமைத்தால் அவருக்கு வேலை போகும்.

அதன்பிறகு என்ன மாறியது? வாசல் மாறியது. திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலக வாசல்களில் போலீஸ் நின்று பை பையாகத் திறந்து பார்ப்பது வழக்கமானது. மண்ணெண்ணெய் இருக்கிறதா, பெட்ரோல் இருக்கிறதா? தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். இந்தச் சோதனை சில உயிர்களைக் காத்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சைகையைக் கவனியுங்கள். மனுதாரரின் பைக்குள் இரண்டு இருக்கின்றன. ஒன்று மனு, ஒன்று பாட்டில். கட்டடம் தேடுவது பாட்டிலை. ஆபத்தில் இருந்தவர் அந்த வாசலைத் தாண்டும் கணத்தில் ஆபத்தாகிவிடுகிறார்.

அதே நவம்பர் 5ஆம் தேதி கார்ட்டூனிஸ்ட் பாலா கைது செய்யப்பட்டார். எரியும் குழந்தையையும், அதன் முன்னால் ரூபாய்க் கட்டுகளால் மானம் மறைத்து நிற்கும் அதிகாரிகளையும் முதல்வரையும் வரைந்ததற்காக. புகார் கொடுத்தவர் மாவட்ட ஆட்சியர். மறுநாளே நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிட்டது. அந்தக் கோட்டோவியத்தின் ரசனை பற்றி நமக்குள் இரண்டு கருத்து இருக்கலாம். இருக்கட்டும். ஆறு மனுவுக்குத் திரும்பாத கட்டடம் ஒரு படத்துக்குத் திரும்பியது. அதுவும் இரண்டே வாரத்தில். ஆக அதற்குக் காது கேட்கிறது. தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கிறது.

இதற்கு இன்னொரு சாட்சி, வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல். 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வந்தது. 2025இல் ஆட்சியர் அலுவலகங்களையும் எட்டியது. பெயர் இல்லை, முகவரி இல்லை, கையெழுத்து இல்லை. எங்கிருந்து வந்தது என்றே கண்டுபிடிக்க வேண்டும். ஆனாலும் வெடிகுண்டு நிபுணர்கள் வருவார்கள், மோப்ப நாய் வரும், அறை அறையாகத் தேடுவார்கள். தேடத்தான் வேண்டும். நூறில் ஒன்று உண்மையாக இருந்தால் என்ன செய்வது? இந்த 'ஒருவேளை உண்மையாக இருந்தால்' என்பதுதான் அபாய அறிவிப்பின் அறம். முதலில் நம்பு, பிறகு சரிபார். மொட்டைக் கடிதத்துக்குக் கிடைக்கும் இந்த அறம் கையெழுத்திட்ட மனுவுக்குக் கிடைப்பதில்லை. அதற்கு விதி நேர்மாறு. முதலில் சரிபார், பிறகு... பிறகு என்பது எப்போதும் அடுத்த திங்கள்கிழமை.

5

'உணர்ச்சிவசப்படுகிறீர்கள், ஒரு சம்பவத்தை வைத்துக் கோட்பாடு கட்டுகிறீர்கள்' என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இன்னும் மூன்று இடங்களைப் பார்ப்போம்.

ஒன்று, தூத்துக்குடி. 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். மக்கள் ஊர்வலமாகப் போனது ஆட்சியர் அலுவலகத்துக்கு. அதாவது அதுவும் ஒரு மனுதான், கால்களால் எழுதியது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை இரண்டு எச்சரிக்கைகளைப் பற்றிப் பேசுகிறது. உளவுப் பிரிவிலிருந்து முன்கூட்டியே தகவல் போயும் மேலே உரிய நடவடிக்கை இல்லை என்பது ஒன்று. சுடுவதற்கு முன் கூட்டத்துக்கு உரிய எச்சரிக்கை கொடுக்கப்படவில்லை என்பது இன்னொன்று. மேலே போன எச்சரிக்கை கேட்கப்படவில்லை. கீழே வரவேண்டிய எச்சரிக்கை சொல்லப்படவில்லை. ஓர் அரசுக் கட்டடத்தைச் சுற்றி இரண்டு திசையிலும் பேச்சு அறுந்துபோனால் நடுவில் கிடப்பது பிணம்.

இரண்டு, கடல். 2004 டிசம்பர் 26. சுமத்ராவில் பூமி அதிர்ந்து நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. அன்று காலை டெல்லியில் வானிலைத் துறையின் தொலைநகல் ஒன்று நிலநடுக்கச் செய்தியோடு போனது. போய்ச் சேர்ந்தது அறிவியல் துறையின் முன்னாள் அமைச்சர் முரளி மனோகர் ஜோஷிக்கு. அந்த மே மாதமே ஆட்சி மாறியிருந்தது. புது அமைச்சர் வந்து ஏழு மாதம். கட்டடங்களுக்குள் தொலைநகல் யாரைத் தேடி அலைந்தது என்று பாருங்கள்: ஒரு பதவியை. அதே காலையில் புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்ற மீனவர் கிராமத்தில் வேறொன்று நடந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்து வீட்டுக்குப் போன் போட்டார். கடல் உள்ளே வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். ஓடுங்கள், ஊரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார். ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய கிராம அறிவு மையம் இருந்தது. அதன் ஒலிபெருக்கியில் தினமும் மீனவர்களுக்குக் கடல் நிலவரம் சொல்வது வழக்கம். அதில் அறிவித்தார்கள். ஊர் தப்பித்தது.

இந்தக் கதையை 'தொழில்நுட்பத்தின் வெற்றி' என்று மாநாடுகளில் சொல்வார்கள். என் வாசிப்பு வேறு. ஒலிபெருக்கி எல்லா ஊரிலும்தான் இருக்கிறது, கோயில் திருவிழாவுக்குக் கட்டாத ஒலிபெருக்கியா? நல்லவாட்டில் இருந்தது திரும்பிப் பார்க்கிற பழக்கம். அந்தக் குரல் தினசரி அவர்களோடு பேசிய குரல். அவர்கள் கேள்வி கேட்கக்கூடிய குரல். அபாய நாளில் மட்டும் பேசுகிற குரலை யாரும் நம்புவதில்லை. 2018 ஜனவரி 13இல் அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் ஏவுகணை வருகிறது என்று எல்லா செல்போன்களுக்கும் தவறான எச்சரிக்கை போனது. அது பொய் என்று அடுத்த செய்தி அனுப்ப அரசுக்கு 38 நிமிடம் ஆனது. அந்த 38 நிமிடமும் மக்கள் திருப்பிக் கேட்க முயன்றார்கள். போன் கிடைக்கவில்லை. பணக்கார நாட்டிலும் பாதை ஒருவழிதான்.

மூன்று, எங்கள் மாவட்டம். 2012 செப்டம்பர் 5, சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகள் அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடியவர்கள், என்னவென்று பார்க்கப் போனவர்கள். உள்ளே இன்னும் வெடிக்க இருக்கிறது, கிட்டே வராதே என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு குரல் இல்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டடங்கள் திரும்பாத ஊரில் மனிதர்கள் திரும்பினார்கள். சத்தம் கேட்டதும் ஓடினார்கள், ஓடியதனாலேயே செத்தார்கள். ஆகவே 'மக்களே பார்த்துக்கொள்வார்கள்' என்று அரசைக் கழற்றிவிடும் இடதுசாரிக் கனவும் சரி, சந்தைக் கனவும் சரி, எனக்கு ஒப்பவில்லை. சைரன் வேண்டும். ஒழுங்காக வேலை செய்கிற சைரன் வேண்டும். சத்தத்துக்கு அர்த்தம் என்ன என்று ஊருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கவும் வேண்டும்.

6

இந்த இடத்தில் நம் தரப்பையும் பேசியாக வேண்டும். ஃபூக்கோவைப் படித்த பிறகு நாம் கண்காணிப்பைக் கண்டால் உடனே முகம் சுளிக்கக் கற்றுக்கொண்டோம். கேமரா, மெட்டல் டிடெக்டர், ஆதார், எல்லாவற்றையும் விமர்சித்தோம். சரியாகத்தான் விமர்சித்தோம். ஆனால் அரசு நம்மைப் பார்க்கிறது என்ற கவலையில், அரசு நம்மைப் பார்க்கவே இல்லை என்று தீக்குச்சியோடு நின்றவரை நம் கோட்பாடு தவறவிட்டது. பார்க்கப்படுவது ஒரு வன்முறை என்றால், பார்க்கப்படாமல் போவதும் வன்முறைதான். விளிம்பில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே நாளில் நடக்கும். வாசலில் அவர் பையைத் துழாவுவார்கள். உள்ளே அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

இன்னும் ஒன்று. திருநெல்வேலிக்குப் பிறகு நம்மில் எத்தனை பேர் கவிதை எழுதினோம்! எத்தனை கண்டனக் கூட்டம்! ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கூட்டத்தில் நானும் பேசினேன், கைதட்டல் வாங்கினேன். அந்த ஆறு மனுவின் காலத்தில், முதல் மனுவின் போதோ மூன்றாவது மனுவின் போதோ, அதே மாதிரி வட்டிக்குச் சிக்கிய ஒருவர் என்னிடம் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று வீடு திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். 'மனு எழுதித் தரேன்' என்றிருப்பேன். எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நாமும் தீ தெரிந்த பிறகு திரும்புகிறவர்கள்தான். நம் பத்திரிகைக்கும் ஒரு வாசல் இருக்கிறது. வாசலில் நாமும் பாட்டிலைத்தான் தேடுகிறோம், பிணத்தைத்தான் அட்டைப்படமாக்குகிறோம்.

திரும்பிப் பார்க்க வைப்பது எப்படி என்பது எங்கள் ஊர் இலக்கியத்துக்குப் புதிதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றாலே எல்லோருக்கும் நினைவு வரும் திருப்பாவையை ஒருமுறை பக்தி நீங்கலாகப் படித்துப் பாருங்கள். அது பெரும்பாலும் எழுப்புகிற பாட்டு. வீடு வீடாகப் போய்த் தூங்குகிறவர்களை எழுப்பிவிட்டு அந்தப் பெண்கள் பெரிய மாளிகைக்கு வருகிறார்கள். பதினாறாம் பாட்டில் அவர்கள் எதிரே நிற்பவன் வாயில்காப்போன். கதவைத் திற என்று கேட்கிறார்கள். நேற்றே வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று சொல்கிறார்கள். வாயால் மறுத்துவிடாதே என்று கெஞ்சுகிறார்கள். வாயில்காப்போனிடம் 'ஏற்கெனவே சொல்லியாயிற்று ஐயா' என்று மன்றாடுவது எவ்வளவு பழைய அனுபவம்! ஒரே வித்தியாசம், பாட்டில் கதவு திறக்கிறது. அரசுக் கடிதத்தின் தலையில் இருக்கும் கோபுரம் எங்கள் ஊர்க் கோபுரம் என்று எங்களுக்குப் பெருமை. மதுரை மேலக் கோபுரம் என்று சொல்வாரும் உண்டு. எந்தக் கோபுரமானாலும் சரி, கோபுரம் என்பது வாசல். மனு ரசீதில் அச்சடித்த வாசல் திறக்குமா என்பதுதான் கேள்வி.

கோட்பாட்டோடு நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. களத்தில் இருக்கும் தோழர்கள் கையில் எடுக்கக்கூடிய மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, உயிருக்கு ஆபத்து, மிரட்டல், வட்டி, சாதி வன்முறை என்று சொல்லும் மனுவைக் 'குறை' என்ற கட்டில் போடாதே. வெடிகுண்டு மின்னஞ்சலுக்குக் கொடுக்கும் அதே 'ஒருவேளை உண்மையாக இருந்தால்' அதற்கும் வேண்டும். அன்றே ஓர் அலுவலர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு, ஒரே ஆள் ஒரே விஷயத்துக்கு மூன்றாம் முறை வந்தால் அந்த மூன்றாம் மனுவே ஒரு மணி. அது மேலே ஒலிக்க வேண்டும். முதல் இரண்டும் எந்த மேஜையில் எத்தனை நாள் கிடந்தன என்று எழுத்தில் பதில் வர வேண்டும். மூன்று, யார் மேல் புகாரோ அவரிடமே மனு திரும்பிப் போகக் கூடாது. இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். இருக்கிற கணினியில், இருக்கிற மனு எண்ணில் செய்யலாம். கூடவே ஒரு சின்ன வேலை. ராஜபாளையத்து அலுவலகத்தின் சுவரில் தீயணைப்புக்குத் தொங்கிய சிவப்பு வாளியில் மணலுக்குப் பதில் வெற்றிலை எச்சில் இருந்தது. அதைக் கழுவி மணல் போடச் சொல்ல வேண்டும். அந்த வராந்தாவில் தீப்பிடித்தால் முதலில் சிக்குவது மனுவோடு நிற்கிறவர்கள்தான். வெளியேறும் வழி எது என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை என் எழுத்துப்பிழை சரியாகவில்லை. பாட்டியின் மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அதைப் படித்துக் காட்டச் சொன்னார். எண்ணைப் படித்தேன், தேதியைப் படித்தேன். 'அவுக கூப்பிடுவாகளா?' என்றார். 'கூப்பிட உங்ககிட்ட போன் இல்லயே ஆத்தா' என்றேன்.

'வீட்டு நம்பர்தான் எழுதியிருக்கேன்ல' என்றார் அவர்.